முதல் பக்கத்தைக் கிழிக்கும் முன்

தில்லியில் ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டைக் காலி செய்கிறது என்றால் பழைய புத்தகங்களுக்குப் பெரும்பாலும் இரண்டே வழிதான். ஏதாவது நூலகம் ஏற்றுக்கொண்டால் நல்லது. இல்லையென்றால் கபாடிவாலா. அவர் தராசில் நிறுத்து, கிலோ கணக்கில் காசு கொடுத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அதற்கு முன்பாக வீட்டுப் பெரியவர் ஒரு காரியம் செய்வார். ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து, பெயர் எழுதிய முதல் பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துவிடுவார். நம் வீட்டுப் பெயர் நடைபாதையில் மிதிபடக் கூடாது என்ற கௌரவம் அது.

ராமகிருஷ்ணபுரத்தில் நான் மாமா என்று அழைக்கும் பெரியவர் ஒருவர் சென்னைக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தபோது, மூட்டை கட்ட உதவிக்குப் போயிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்து பரபரவென்று கிழித்துக்கொண்டிருந்தார். “மாமா, அதைக் கிழிக்காதீர்கள்” என்றேன். “எல்லாம் என் அண்ணாவின் புத்தகங்கள். அவர் பெயர் எதற்காகத் தெருவுக்குப் போக வேண்டும்?” என்றார். அன்று அவருக்குச் சொல்ல முயன்று பாதியிலேயே விட்டதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். ஒரு நூலின் முதற்பதிப்பு என்றால் என்ன, அதில் ஆசிரியர் தன் கைப்பட நண்பருக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அது ஏன் வேறொரு பொருளாகிவிடுகிறது என்பதே விஷயம்.

‘பதிப்பு’ என்ற குழப்பம்

ஒரு நூல் முதன்முதலாகப் புத்தக வடிவில் அச்சாகி வந்தபோது அடித்த பிரதிகள் முதற்பதிப்பு. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் தமிழில் ‘பதிப்பு’ என்ற சொல் மூன்று வேலை செய்கிறது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்கிறோமே, அங்கே அது ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த உழைப்பைக் குறிக்கிறது. ஆசிரியர் திருத்தி, மறுபடி எழுத்துக் கோத்து வெளியிட்டாலும் பதிப்பு. அப்படியே எடுத்து இன்னும் ஆயிரம் பிரதி அடித்தாலும் பதிப்பு. கடைசியாகச் சொன்னதற்கு ‘மறு அச்சு’ என்பதே பொருத்தமான பெயர். நம் பதிப்பகங்களில் பல இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஏழாம் பதிப்பு என்று பெருமையாகப் போட்டிருக்கும். உள்ளே முதற்பதிப்பின் அச்சுப்பிழைகூட மாறாமல் இருக்கும்.

ஈய எழுத்துக் காலத்தில் முதற்பதிப்புக்குத் தனி மரியாதை இருந்ததற்குக் காரணம் உண்டு. எழுத்துகளைக் கையால் கோத்து, பாரம் பாரமாக (பாரம் என்பது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி) அச்சடித்து, பிறகு கலைத்துப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். புத்தகம் விற்றுத் தீர்ந்தால் திரும்ப முதலிலிருந்து கோக்க வேண்டும். அப்போது பழைய பிழைகள் சில போகும், புதிதாகச் சில புகும், ஆசிரியரும் நாலு வரியை மாற்றுவார். ஆகவே அவர் முதலில் எதை வாசகர் கையில் கொடுத்தார் என்று அறிய முதற்பதிப்பைத்தான் புரட்டியாக வேண்டும்.

புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. நூல் ஒரு பதிப்பகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், புதியவர் தம் கணக்கை ஒன்றிலிருந்து தொடங்குவது உண்டு. அறுபதுகளில் வந்த நாவலில் ‘முதற்பதிப்பு: டிசம்பர் 2003’ என்று இருக்கும். நாட்டுடைமையான ஆசிரியர்களின் நூல்களில் இது இன்னும் வேடிக்கை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் ஆளுக்கொரு முதற்பதிப்பு.

தொடர்கதைகளின் கதை தனி. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் வந்தது. அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருக்கும் வீடுகள் தில்லி கரோல்பாக்கிலும் உண்டு, தஞ்சாவூரிலும் உண்டு. ஓவியங்களும் நடுவே புகுந்த விளம்பரங்களுமாக அவை அருமையானவை. இருந்தாலும் அவை முதற்பதிப்பு ஆகா. முதலில் அச்சேறிய வடிவம் என்று சொல்லலாம். சேகரிப்பவர்களில் சிலருக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்; நானும் அந்தக் கட்சி.

பதிப்பு விவரப் பக்கம் போய்விட்ட புத்தகத்தின் காலத்தை எப்படிக் கணிப்பது? விலையைப் பாருங்கள். ‘ரூ. 2-8-0’ என்று மூன்று பகுதியாக இருந்தால் அது ரூபாய், அணா, பை என்ற பழைய கணக்கு. 1957 ஏப்ரல் முதல் நாளில் நூறு பைசா கணக்கு வருவதற்கு முந்தையது என்று பெரும்பாலும் நம்பலாம். ‘நயா பைசா’ என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்ட காலம். முகவரியில் ‘சென்னை-17’ என்று மட்டும் இருந்தால், 1972 ஆகஸ்டில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வருவதற்கு முன்பு அச்சாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

எழுத்தின் வடிவமும் பேசும். தும்பிக்கை போட்ட பழைய ‘லை’, சுழித்த ‘றா’ ஆகியவை தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் மெல்ல மறைந்தன. பெரியாரின் குடி அரசு இதழ் 1935இலேயே புதிய வடிவங்களுக்கு மாறிவிட்டதால், அந்த இயக்கத்து வெளியீடுகளுக்கு இந்த அளவுகோல் செல்லாது. தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ‘ஜய வருஷம்’ என்பது 1954ஆகவும் இருக்கலாம், அறுபது ஆண்டு பின்னால் போய் 1894ஆகவும் இருக்கலாம். தாளும் அட்டையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கையால் எழுதியது

இனி முதல் பக்கத்துக்கு வருவோம். ஆசிரியரின் கையெழுத்து இருக்கும் புத்தகங்கள் எல்லாம் ஒரே சாதி இல்லை.

புத்தகக் கண்காட்சியில் வரிசையில் நின்று வாங்கிய வெறும் கையொப்பம் ஒரு வகை. அதில் ஆசிரியர் மட்டும் இருக்கிறார். வாசகர் பெயர் சேர்ந்திருந்தாலும் அவரை ஆசிரியருக்குத் தெரியாது. தன்னிடம் வந்த பத்துப் பிரதிகளில் ஒன்றை எடுத்து ஆசிரியரே ஒருவருக்கு எழுதிக் கொடுத்தது இன்னொரு வகை. இதை அன்பளிப்புப் பிரதி எனலாம். தேதி ஒரு தடயம். நூல் வெளியான அதே மாதத்தில் எழுதிக் கொடுத்திருந்தால், கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலில் அந்த நண்பர் முன்வரிசையில் இருந்தார் என்று ஊகிக்கலாம். பத்து ஆண்டு கழித்த தேதி என்றால் வாசகரே கொண்டுபோய் நீட்டியிருப்பார்.

பெற்றுக்கொண்டவர் யார் என்பதால் மட்டுமே மதிப்புப் பெறும் பிரதியை ஆங்கிலத்தில் ‘அசோசியேஷன் காப்பி’ என்பார்கள். நான் உறவுப் பிரதி என்று சொல்லிப் பழகிவிட்டேன். இதில் இரண்டு பெயர்கள் உண்டு. முதல் பெயர் அட்டையிலேயே இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். நாம் உழைக்க வேண்டியது இரண்டாவது பெயருக்குத்தான்.

அச்சில் வரும் காணிக்கையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘என் தந்தையார் நினைவுக்கு’ என்று அச்சடித்திருப்பது எல்லாப் பிரதியிலும் இருக்கும். கையால் எழுதியது அந்த ஒரு பிரதியில்தான். அரிதாக ஒன்று மற்றொன்றாக மாறுவதும் உண்டு. டி. எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ என்ற கவிதை 1922இல் வெளியானது. அதன் கைப்பிரதியை வெட்டிக் குறைத்து உருவம் கொடுத்தவர் சக கவிஞர் எஸ்ரா பவுண்டு. அவருக்குக் கொடுத்த பிரதியில், என்னிலும் சிறந்த வினைஞன் என்று பொருள்படும் தாந்தேயின் இத்தாலியச் சொற்களை எலியட் கையால் எழுதினார். 1925இல் வந்த தொகுப்பில் அது அச்சுக் காணிக்கையாகவே ஏறியது. இன்று அந்தக் கவிதையைத் திறக்கும் எவரும் அதன் முதல் அடிக்கு முன்பே படிப்பது, ஒரு காலத்தில் ஒரே ஒரு பிரதியில் பேனாவால் எழுதியிருந்த வரியைத்தான்.

முதற்பதிப்பாக இல்லாமலும், நண்பருக்கு எழுதாமலும்கூட ஒரு பிரதி பேர்பெற முடியும். கார்ல் மார்க்ஸ் 1873 ஜூனில் ‘மூலதனம்’ நூலின் இரண்டாம் ஜெர்மன் பதிப்பை, உண்மையான அபிமானி என்று தம்மைக் குறித்துக் கையெழுத்திட்டுச் சார்லஸ் டார்வினுக்கு அனுப்பினார். இருவரும் நெருங்கிப் பழகியவர்கள் இல்லை. அந்தக் காலத்துப் புத்தகங்கள் மடிப்பு வெட்டாமலே வரும். படிக்கப் படிக்கக் கத்தியால் கீறிக்கொண்டு போக வேண்டும். டார்வின் பிரதியில் 822 பக்கங்களில் முதல் 105தான் கீறப்பட்டிருக்கின்றன. மேலே போகவில்லை என்பதற்கு மடிப்புகளே சாட்சி. எழுதிக் கொடுத்தவரின் மரியாதையும் வாங்கியவரின் சலிப்பும் ஒரே பொருளில் இருக்கின்றன. இன்று அது இங்கிலாந்தில் டார்வின் வாழ்ந்த டவுன் ஹவுசில் இருக்கிறது.

தமிழ் அறிந்தவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு வசதி. நம் மொழியில் யாரையும் உறவு நிலை தெரியாமல் விளிக்கவே முடியாது. ‘அவர்களுக்கு’ என்று எழுதினால் ஒரு தூரம். ‘உனக்கு’ என்றால் பள்ளிக்கூடத்திலிருந்தோ சிறையிலிருந்தோ தொடரும் நட்பாக இருக்கலாம். ‘சிரஞ்சீவி’ என்றால் வயதில் இளையவர், பெரும்பாலும் உறவுக்காரப் பையன். ‘தோழமையுடன்’ என்பது கட்சி சொல்லும். ‘ஸ்ரீமான்’ போய் ‘திரு’ வந்ததில் காலமும் அரசியலும் சேர்ந்தே தெரியும். ‘மதிப்புரைக்காக’ என்று ஒரே சொல் இருந்தால், நட்பு என்று அவசரப்பட வேண்டாம். ‘டு’ என்று தொடங்கி ‘லவ்’ என்று முடிக்கும் ஆங்கிலக்காரர்களுக்கு இத்தனை தடயங்கள் கிடைப்பதில்லை.

ஏன் தில்லி?

தமிழ்ப் பழம்புத்தகத்தைத் தேட, பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் இருந்த சென்னையை விட்டுவிட்டுத் தில்லிக்கு வர வேண்டுமா என்று கேட்கலாம். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இங்கே இருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். கஸ்தூரிரங்கன் 1965இல் கணையாழி என்ற இலக்கிய இதழைத் தொடங்கியது இந்த ஊரில். தி. ஜானகிராமன் அகில இந்திய வானொலியில் இருந்தார். இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். க. நா. சுப்ரமண்யம், வெங்கட் சாமிநாதன், ஆதவன் ஆகியோரும் இங்கே வாழ்ந்து எழுதியவர்கள். அரசுக் குடியிருப்புகளின் சின்னச் சின்ன வீடுகளில், பகலில் கோப்பு பார்த்தவர்கள் மாலையில் இலக்கியச் சண்டை போட்டார்கள். ஆசிரியர், விமரிசகர், அடுத்த மேசைக்காரர், வீட்டுச் சொந்தக்காரர் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். இரண்டாவது பெயர் யாருடையது என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பு அதனால்தான் இங்கே அதிகம்.

பணி ஓய்வு, வீடு ஒப்படைப்பு, பிள்ளைகள் அமெரிக்கா. புத்தகங்கள் கபாடிவாலா கைக்குப் போய், அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும். நேதாஜி சுபாஷ் மார்க் நடைபாதையில் நடந்துவந்த தரியாகஞ்ச் சந்தை, நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2019இல் ஆசஃப் அலி சாலையின் மகிளா ஹாட்டுக்கு இடம் மாறியது. போட்டித் தேர்வு வழிகாட்டிகளின் மலைக்கு நடுவே எப்போதாவது தமிழ் எழுத்து கண்ணில் படும். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. “மதராஸி கிதாப், நாற்பது ரூபாய்” என்பார். அவருக்கு எல்லாம் ஒரே எடை.

எழுதிக் கொடுத்த பிரதி சந்தைக்கு வந்துவிட்டதே என்று அதைப் பெற்றுக்கொண்டவர் மீது கோபப்படுவதில் நியாயம் இல்லை. பெரும்பாலும் அவர் இறந்த பிறகுதான் வருகிறது. உயிரோடு இருக்கும்போதே வந்தால்தான் விபரீதம். எழுத்தாளர் பால் தெரூ தன் நண்பரான எழுத்தாளர் வி. எஸ். நைபாலுக்கு எழுதிக் கொடுத்த புத்தகம் ஒரு பழம்புத்தக வணிகரின் விலைப்பட்டியலில் இருப்பதைத் தற்செயலாகப் பார்த்தார். 1966இல் உகாண்டாவில் தொடங்கிய முப்பது ஆண்டு நட்பு முறிந்த கதையை ஒரு நூலாகவே எழுதி 1998இல் வெளியிட்டார். எழுதிக் கொடுத்ததை விற்பது சட்டப்படி குற்றமில்லை. தாள் அதைப் பெற்றுக்கொண்டவருடைய சொத்து. அதில் எழுதிய சொற்களின் பதிப்புரிமை மட்டும் எழுதியவரிடமே இருக்கும்.  வாங்கியவர் விற்கலாம், அந்தக் குறிப்பை அச்சில் வெளியிடுவதென்றால்தான் கேட்க வேண்டியிருக்கும்.

நம்பலாமா?

கையெழுத்து உண்மையானதா என்ற கேள்வி வராமல் இருக்காது. தமிழில் இன்னும் பெரிய பணம் புழங்காததால் போலிகள் குறைவு. அதுவே ஒரு பாதுகாப்பு. ஆங்கிலத்தில் நிலைமை வேறு. தாமஸ் வைஸ் என்ற மதிப்புக்குரிய சேகரிப்பாளர் பழைய தேதி போட்டுப் போலி முதற்பதிப்புகளை உலவவிட்டதை, 1934இல் ஜான் கார்ட்டரும் கிரஹாம் பொல்லார்டும் அம்பலப்படுத்தினார்கள். அச்சிட்ட ஆண்டு என்று போட்டிருந்த காலத்தில் அந்தத் தாளே உற்பத்தியாகவில்லை என்பதைக் காட்டித்தான் மடக்கினார்கள்.

நாமும் அதே வழியில் எளிய கேள்விகள் கேட்கலாம். 1935 என்று தேதியிட்ட குறிப்பு பால்பாயின்ட் பேனாவில் இருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள். அந்தப் பேனா உலகச் சந்தைக்கு வந்ததே 1940களில். புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். 1950களில் அச்சான நூலில் அவர் கையொப்பம் இருக்க வழியில்லை. கையெழுத்தை ஒப்பிட அச்சான மாதிரிகள் கிடைத்தால் பாருங்கள், ஆனால் அவசரத்தில் போடும் கையொப்பமும் கடிதத்தில் போடுவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய அவசியமில்லை. என் அனுபவத்தில் கையொப்பத்தைவிடக் குறிப்பின் உள்ளடக்கமே நம்பிக்கை தருகிறது. போலி செய்பவன் ‘அன்புடன்’ என்று எழுதுவான். ‘நீ கொடுத்த குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது’ என்று எழுத அவனுக்குத் தோன்றாது.

கிடைத்தால் என்ன செய்வது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். மைப் பேனா எழுத்தில் ஈரம் படக் கூடாது. இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கண்டிப்பாகக் காலிகோ பைண்டு செய்யக் கொடுக்காதீர்கள். பைண்டர் மூல அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, மூன்று பக்கமும் கத்தி வைத்து ஒழுங்காக வெட்டுவார்; ஓரத்தில் இருக்கும் தேதி அதோடு போகும். யாரிடம் எப்போது வாங்கினீர்கள் என்பதைத் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். வீட்டில் இடமில்லை என்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களை அணுகலாம். அதன் மூலச் சேகரிப்பே கோட்டையூரில் ஒரு தனிமனிதர் தம் வீட்டில் சேர்த்து வைத்ததுதான்.

மாமா வீட்டுக் கதை பாதியில் நிற்கிறது. நான் தடுப்பதற்குள் ஐம்பது அறுபது பக்கங்கள் கிழிந்துவிட்டன. காலையிலேயே கிழித்த கத்தை குப்பைக்காரரோடு போய்விட்டது. பக்கம் கிழிந்த புத்தகங்களிலிருந்து ஒரு நாவலை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எழுபதுகளின் முதற்பதிப்பு, கிரௌன் அளவு, முதுகு வெளுத்திருந்தது. ஆசிரியர் பெயரை இங்கே சொல்லவில்லை, அவர் குடும்பம் இன்னும் இந்த ஊரில் இருக்கிறது. “அண்ணாவுக்கு அவரைத் தெரியுமா?” என்று கேட்டேன். “ஒரே அலுவலகம். அடிக்கடி வருவார். இரண்டு பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருப்பார்கள். என்ன பேசினார்கள் என்று யாருக்குத் தெரியும்?” என்றார்.

வீட்டுக்கு வந்து, கிழிந்த ஓரத்துக்கு அடுத்த பக்கத்தை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தேன். பால்பாயின்ட் பேனாவில் அழுத்தி எழுதியிருக்கிறார். தாளில் தடம் இறங்கியிருந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் சில எழுத்துகள் நிழலாக எழுந்தன. பெயர் தெரியவில்லை, தேதியில் ஒரு 7 மட்டும். நடுவில் ஒரு வரி ஓரளவு கூடியது: ‘மூன்றாம் அத்தியாயம் நீங்கள் சொன்ன’. அதற்குமேல் அழுத்தம் குறைந்துவிடுகிறது. நீங்கள் சொன்னபடியா, நீங்கள் சொன்னதற்கு மாறாகவா என்று தெரியவில்லை. மூன்றாம் அத்தியாயத்தை இதுவரை நான்கு முறை படித்துவிட்டேன்.